நடுக்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகும் நடுக்கதவு ஒன்றாகத்தான் இருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க நான் மலையிறங்கிப் போன கதை இது. தாழ்ப்பாள் வாங்கியதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: 'கதவைப் பார்த்தாலே போதும், அந்த வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்று தெரிந்துவிடும்.' எங்கள் நடுக்கதவைப் பார்த்தவர்களுக்கும் அப்படித் தெரிந்திருக்கும்.

மலைமேல், சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில், பலாமரங்களுக்கு நடுவே, எங்கள் பாட்டன் கட்டிய நீள வீடு அது. மண்சுவர், புல்லுக்கூரை. கிழக்கு மேற்காக ஒரே கூரையின் கீழ் இரண்டு கூடங்கள். இரண்டுக்கும் நடுவே பலாப்பலகைக் கதவு. நானும் அண்ணனும் பங்கு பிரித்தபோது கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எனக்கு. எதற்குப் பிரித்தோம் என்றால், சாமைக்கும் மிளகுக்கும்தான். வயிற்றுக்குச் சாமையும் ராகியும் போதும் என்பது அண்ணன் கட்சி. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏற்றலாம் என்பது என் கட்சி. இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினோம். அதனால்தான் சண்டை தீரவில்லை. ஒருவர் தப்பாகப் பேசியிருந்தால் என்றைக்காவது முடிந்திருக்கும்.

ஊர்க்கவுண்டர் வந்து கயிறு பிடித்து வீட்டைப் பிரித்தார். நடுக்கதவை மட்டும் தொடவில்லை. எங்கள் நாட்டு வழக்கம் அப்படி. அண்ணன் தம்பி எத்தனை பங்காகப் பிரிந்தாலும் நடுக்கதவு இருந்த இடத்தில் சுவர் வைக்கக் கூடாது. சுவர் எழுந்தால் பங்காளி உறவே அற்றுப்போனது என்று பொருள். அப்புறம் ஒருவர் சாவுக்கு மற்றவர் மொட்டை அடிக்க வேண்டியதில்லை. கதவு இருக்க வேண்டும், ஆனால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 'தாழ் மூத்தவனுக்கு, வளையம் இளையவனுக்கு.' மூத்தவன் தன் பக்கமிருந்து தாழ் போட்டுக்கொள்வான். இளையவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் தன் பக்கத்து வளையத்தை ஆட்டிக் கூப்பிட வேண்டும்.

என் வீட்டுக்காரி இருந்தவரை இந்தச் சட்டமெல்லாம் ஆண்பிள்ளைகளுக்குத்தான். அவள் வளையத்தை ஆட்டுவாள், அந்தப் பக்கம் அண்ணி திறப்பாள். நெருப்புக்கு, உப்புக்கு, ஒன்றுமில்லாததற்கு. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்குப் பிறகு என் பக்கத்து வளையத்தை ஆட்ட ஆளில்லை. எனக்கு ஆட்டத் தெரியாமல் இல்லை. எதைக் கேட்டு ஆட்டுவது? உப்பு இருந்தது, நெருப்பு இருந்தது. இல்லாதது எதுவோ அது உழக்கில் அளந்து கொடுக்கிற சரக்காக இல்லை.

அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. எங்களுக்கு நடுவில் போக்குவரத்து அண்ணிதான். காட்டில் எருமை புகுந்துவிட்டதென்றால், "உங்க அண்ணன் சொல்லச் சொன்னாருங்க" என்று வாசல் வழியாக வந்து சொல்லுவாள். நானும், "அண்ணன்கிட்ட சொல்லீருங்க" என்பேன். அவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வாயாடி. எழுத்தைக்கூட, சந்தையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்துப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவன். வாயாடிக்குப் பசி வயிற்றில் இல்லை. கேட்க ஒரு காது கிடைக்காத நாளில் சோறு இறங்காது.

அண்ணன் பக்கத்துத் தாழ் இரும்பு இல்லை. பாட்டன் தன் கையால் செதுக்கிய மரக்கட்டை, முழங்கை நீளம். கதவில் ஒரு முளை அடித்து அதில் மாட்டியிருக்கும். திருப்பிவிட்டால் கட்டையின் நுனி நிலைக்கட்டையின் மேல் போய்ப் படியும், கதவு அசையாது. ஒரு நாள் காலையில் முளை இற்று, கட்டை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. பழைய கட்டை, உள்ளுக்குள் பூச்சி அரித்திருந்தது.

கீல் இல்லாத கதவு அது. கதவோடு சேர்ந்த குடுமி, கீழே கல்லில் குழித்த பள்ளத்தில் நின்று சுழலும். அந்தப் பள்ளம் தேய்ந்து மேற்கே சாய்ந்திருந்தது. பிடித்து நிறுத்தத் தாழ் இல்லாததால் கதவு தானாக என் பக்கம் திறந்துகொண்டு நின்றது. சாத்தினால் திரும்பத் திறக்கும். அண்ணி இரண்டு நாள் சாத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். சாகுபடிக் காலம். யாருக்கு நேரம்?

அந்த நாட்களைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது ஒரு கோழி. என் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காத சம்பந்தக்காரரைப் போலத் திரும்பிப் போயிற்று. அப்புறம் ஆட்டுக்குட்டி. அப்புறம் வாசனைகள். அவர்கள் வீட்டில் கொள்ளு வறுத்தால் என் வீட்டிலும் மணக்கும். நான் கோழியிடம் பேசுவேன். அந்தப் பக்கமிருந்து அண்ணி பதில் சொல்லுவாள். "ஏம்மா, உங்க ஊட்டுல உனக்குத் தீனி போடறதில்லையா?" என்று நான் கோழியைக் கேட்டால், "போட்டாலும் அதுக்கு ஊர்சுத்தற புத்திங்க, பங்காளி வழி வந்துச்சாட்டம் இருக்குது" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அண்ணன் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் ஒரு தடவை அவர் சிரிப்பை அடக்கி இருமிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இருமலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

அவர்கள் சாப்பிட உட்காரும்போது நானும் தட்டெடுத்துக்கொண்டு உட்காருவேன். கதவைப் பார்த்தபடி இல்லை. அது மரியாதை இல்லை. கதவுக்குப் பக்கவாட்டில், சுவரில் சாய்ந்து. நடுவில் சுவர் இருந்தாலும் ஒரே பந்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அண்ணன் மகனுக்கு எடப்புளி நாட்டில் பெண் பார்த்து முடித்தார்கள். தையில் கல்யாணம். பெண்ணின் தாய் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தாள். நான் அன்று காட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் திறந்து கிடந்த கதவைப் பார்த்து, அந்தப் பக்கம் யார் என்று அண்ணியிடம் கேட்டது காதில் விழுந்தது. கொழுந்தனார், தனி ஆள், தங்கமான மனுஷர் என்றாள் அண்ணி. அந்த அம்மாளும் மரியாதை தெரிந்தவள். குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. "நல்லதுங்க. அதுக்கு ஒரு தாழ் போட்டுருங்க. இரும்புல" என்றாள். அவ்வளவுதான்.

அதில் தப்பு என்ன இருக்கிறது? வயசுப்பெண் வாழ வருகிறாள். மாமனார் முறையில் இருக்கிற ஒண்டியாளின் கூடத்தைப் பார்த்துக் கதவு ஆவென்று திறந்து கிடந்தால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? நானே அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணி கதவோரம் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கோழியைத் திட்டினாள். பிறகு மழையைப் பற்றிச் சொன்னாள். நானே, "தாழ்ப்பாள்தானுங்களே அண்ணி?" என்று எடுத்துக் கொடுத்தேன். அண்ணனுக்கு முட்டி பிடித்துக்கொண்டு மலையிறங்க முடியாது. மகனுக்குக் கல்யாண வேலை. மிளகும் கடுக்காயும் சுமந்துகொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய் வருகிறவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

"உங்களைப் போயிக் கேக்கறதுக்கு எனக்கே என்னமோ போல இருக்குதுங்க கொழுந்தனாரே" என்றாள்.

"எனக்கென்னங்க அண்ணி, சுமையோட சுமையா வாங்கியாரேன்" என்றேன்.

தன் முகத்தில் சாத்தப்போகிற கதவுக்குத் தானே போய்த் தாழ்ப்பாள் பொறுக்குகிற கதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? இறங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் மேலே வர வண்டிப்பாதை கிடையாது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. விடியுமுன் தலைச்சுமையோடு கிளம்பினால் வெயில் ஏறும்போது அடிவாரம். கூட வருகிறவர்கள் அவரவர் சுமையைப் பற்றிப் பேசினார்கள். என் தலையில் இருந்தது மிளகுதான், கனமாக இல்லை. திரும்பி வரும்போது ஒரு சாண் இரும்பு இருக்கும். அது வந்து சேர்ந்துவிட்டால் கோழி வராது, கொள்ளு மணம் வராது, அண்ணியின் பதில் வராது. எனக்கு இருந்த மனிதர்கள் மொத்தமும் அந்தக் கதவு திறக்கிற அகலத்துக்குள்தான் இருந்தார்கள்.

முதல் தடவை கடையில் ஒன்றும் இல்லை. வெளிதேசத்தில் சண்டை நடந்த காலம். ஆணிக்கே பஞ்சம். இரும்புக்கடைக்காரர் என்னை வெகுநாளாகத் தெரிந்தவர். "இரும்பெல்லாம் சண்டைக்குப் போயிருச்சுங்க கவுண்டரே. உசுரோட திரும்பி வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார். வெறுங்கையோடு ஏறினேன். ஏற்றம் அன்றைக்கு இறக்கம் போல இருந்தது. அண்ணியிடம் சொன்னபோது அவள் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதுதான், சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த தடவை போனபோது கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். சேந்தமங்கலம் பக்கம் ஒரு பழைய மச்சுவீட்டை இடித்திருக்கிறார்கள்; கதவுச் சாமான்கள் மூட்டையாக வந்திருந்தன. கோணியை விரித்துக் கொட்டினார். துருவும் சுண்ணாம்புமாக ஒரு வீடே அங்கே கிடந்தது. எந்தக் கூடத்துக் கதவோ, எந்த அறைக் கதவோ, யார் யார் உள்ளே இருந்து சாத்திக்கொண்டார்களோ. கிளறிக் கிளறி மூன்றை எடுத்து வைத்தேன்.

ஒன்று பித்தளைத் தாழ்ப்பாள். சின்னது, விரல் நீளம், தேய்த்தால் பளபளக்கும். அழகுதான். ஆனால் அண்ணன் பித்தளையைப் பார்த்தால் 'மிளகுக்காசு மினுக்குது' என்று நினைப்பார். அதைத் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது சங்கிலியும் கொண்டியும். கதவில் சங்கிலி தொங்கும். அதன் நுனிக் கொண்டியை நிலையில் அடித்த வளைவான நாதாங்கியில் மாட்ட வேண்டும். மூன்றாவது நேரான இரும்புத் தாழ்ப்பாள். ஒரு சாண் நீளம், பெருவிரல் பருமன். தள்ளினால் 'டக்' என்று ஒரே சத்தம், வழவழ பேச்சில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதன் கதவில் சங்கிலியைச் சும்மா பிடித்து மாட்டிப் பார்க்கலாம் என்றார். அவர் உள்ளே போனார், நான் வெளியே நின்றேன். சங்கிலி மாட்டியும் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. நான் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டு நெம்பினேன். கொண்டி மேலே வந்து விழுந்தது. கதவு திறந்தது. உள்ளே கடைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இது உங்களுக்கு ஆகாதுங்க. திருடனுக்கு வேணும்னா ஆகும்" என்றார். பிறகு ஏதோ தோன்றி, "ஏனுங்க, நீங்க கதவுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வெளிப்பக்கம்" என்றேன்.

"ஊட்டுக்குள்ள இருக்கற கதவுக்கு ஏதுங்க வெளிப்பக்கம்?"

இருந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சங்கிலியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "அப்படின்னா உங்களுக்கு இதுதானே தோது?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் நினைக்காமல் இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கொள்ளு மணம் வரும். குரல் வரும். கதவு முழுதாகச் சாத்தியதாகவும் இராது.

ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தேன். புது வீட்டில், ஒரு கையகலச் சந்தின் அந்தப்பக்கம் ஒரு ஆண் நடமாடுகிற சத்தம். என்றைக்காவது ஒரு பூனை தட்டி அந்தக் கொண்டி விழுந்தால்கூட, விழுந்தது பூனையால் என்று யார் சொல்வார்கள்? ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. நான் நினைத்தாலும் திறக்க முடியாத தாழ்தான் என்னைக் காப்பாற்றும். நேரான இரும்புத் தாழ்ப்பாளையே எடுத்துக்கொண்டேன். நீளத்தை என் சாணால் அளந்து பார்த்தேன். கதவின் அகலத்துக்குக் கட்டிவந்த கயிற்று முடிச்சையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

என் பக்கத்து வளையமும் பழசாகித் தேய்ந்திருந்தது. அதே மூட்டையில் வளையங்களும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் தட்டிப் பார்த்தேன். ஒன்று மொண்ணையாகச் சத்தம் போட்டது, ஒன்று அதிகாரமாக. ஒன்று மட்டும், வந்திருக்கிறேன், சௌகரியப்பட்டால் திறங்கள் என்பது போல இருந்தது. அதை வாங்கினேன். இனி நான் தட்டித்தானே ஆகவேண்டும்.

அண்ணி தாழ்ப்பாளை இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள். திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்து, "கனமாத்தான் இருக்குது" என்றார். சுவர் என் பக்கத்துச் சுவர்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அடிவாரத்திலிருந்து ஆசாரி வந்தார். மணப்பலகை, கட்டில் கால் என்று வேலை இருந்தது. கடைசியில் கதவுக்கு வந்தார். அண்ணன் பக்கம் குந்தி உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார். இந்தப் பக்கமிருந்து நான் சாத்திப் பிடித்துக்கொண்டேன். கதவின் அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் உள்ளங்கையில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றது. அப்புறம், "அட" என்றார் ஆசாரி.

நடந்தது இதுதான். கதவு என் பக்கமாகத் திறக்கும் கதவு. அதனால் என் பக்கத்தில் பலகையும் நிலையும் ஒரே மட்டமாக இருக்கும். அண்ணன் பக்கத்திலிருந்து பார்த்தால் பலகை நிலைக்குள்ளே நாலு விரல் பள்ளத்தில் இருக்கும். பாட்டன் செதுக்கிய கட்டை அந்தப் பள்ளத்துக்குத் தகுந்தாற்போல் வளைந்து ஏறிய கட்டை. இந்த இரும்புக்கு வளையத் தெரியாது. தள்ளினால் நேரே போய் நிலையின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

நிலையில் ஒரு துளை போட்டுவிடலாம் என்று உளியை வைத்தார். மாவு மாவாகக் கொட்டியது. வெளியே பார்த்தால் கருங்காலி மாதிரி இருந்த மரம், உள்ளே செல் தின்ற கூடு. 'பல்லில்லாத ஈறுங்க, எதைக் கடிக்கும்' என்றார்.

எங்கள் நாட்டில் வீட்டுக்குள் கதவுக்கு அதுவரை இரும்பு வைத்தவர் யாருமில்லை. அவரவர் கதவுக்கு அவரவர் செதுக்கிக்கொள்வோம். நீளம் அகலம் பார்ப்போமே தவிர, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டு வாங்குகிற பழக்கம் எங்கிருந்து வரும்? அண்ணன் கேட்கவில்லை, அண்ணிக்குத் தோன்றவில்லை, தினமும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. ஆசாரி சிரித்தார். "மரம்னா கதவு சொன்னபடி கேக்குமுங்க. இரும்பு சொன்னபடி கதவுதான் கேக்கோணும்."

பழையபடி கட்டை செதுக்கலாமே என்றாள் அண்ணி. பச்சை மரத்தில் செதுக்கினால் காய்ந்து சுருங்கி நழுவும் என்றார் அவர். காய்ந்த பலா அந்நேரத்துக்கு யாரிடமும் இல்லை. எழுந்து வாசல் வழியாகச் சுற்றி என் பக்கம் வந்தார். தாழ்ப்பாளைக் கதவில் வைத்துப் பார்த்தார். பாய் விரித்தாற்போல் படிந்தது. நிலைக்கட்டையில் என் பக்கம் மட்டும் செல் ஏறாத நல்ல மரம். ஆனால் அவர் உடனே கையை எடுத்துவிட்டார். அடிவாரத்து மனிதர் என்றாலும் எங்கள் வழக்கம் தெரிந்தவர்.

பெண்வீட்டார் வர இன்னும் இரண்டொரு நாள். ஆசாரிதான் வேலை முடிந்தால் போதும் என்கிற அவசரத்தில் வாய்விட்டார். "இத்தன சங்கடத்துக்கு, பேசாம செவுரே வச்சுரலாமுங்க. மண்ணு இருக்குது, ஆளு இருக்குது. ஒரு பகல் வேல."

எனக்குக் கை விட்டுப்போயிற்று. கதவைப் பிடித்திருந்த கையைத்தான் சொல்கிறேன். கதவு தன் சாய்வுக்குத் தானாகத் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் அண்ணன் நின்றிருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எப்போது எழுந்து வந்தாரோ. நானும் அவரும் நேருக்கு நேராக நின்றோம்.

"செவுரா?" என்றார் ஆசாரியைப் பார்த்து. "எந்தம்பி உசுரோட இருக்கறப்பவா?"

பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினார்.

"உம்பக்கமே வச்சுக்க. பொழுது சாஞ்சா போட்ரு."

"சரிண்ணா" என்றேன். இத்தனை பெரிய வாயாடிக்கு அந்த நேரத்தில் ஒரு சொலவடைகூட நினைவுக்கு வரவில்லை.

தாழ்ப்பாள் என் பக்கம் ஏறிற்று. அதனால் வளையம் அவர்கள் பக்கம் போயிற்று. என் கைக்கென்று தட்டித் தட்டிப் பொறுக்கியது. ஆசாரி அதை அடித்து முடித்ததும் அண்ணி ஒரு தடவை தட்டிப் பார்த்து, 'சத்தம் நல்லாருக்குதுங்க' என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சித்தப்பன் முறைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லாரையும் போலச் சாப்பிட்டேன், எல்லாரையும் விட அதிகமாகப் பேசினேன். பெண் வந்த அன்று பொழுது சாய்ந்தது. என் கூடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

"போட்டாச்சுங்களா, கொழுந்தனாரே?"

"போடறேனுங்க அண்ணி."

தள்ளினேன். 'டக்.'

அண்ணன் பக்கம் அந்தத் தாழ் இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். பார், என்னைத் தள்ளிவைத்துச் சாத்திக்கொள்கிறார்கள் என்று கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கோபமும் ஒரு துணைதான். அதனிடமும் பேசிக்கொண்டிருக்கலாம். இப்போது யாரைக் கோபிக்க? அவர்களாக அடைக்கவில்லை. என்னை நம்பி விட்டுவிட்டார்கள். நான்தான் தினமும் எழுந்து போய் என் கையால் என் மனிதர்களைச் சாத்திவிட்டு வந்தேன். ஊரில் யாராவது கேட்டால், தாழே அவன் பக்கம்தானே, அண்ணன் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்பார்கள். உண்மை. மறுக்க முடியாத உண்மை சில சமயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது.

காலையில் திறந்துவிடுவேன். ஆனால் பகலிலும் கதவு பழையபடி அகலத் திறந்து கிடப்பதில்லை. என் பக்கம் சாயாமல் இருக்க, அவர்கள் பக்கமிருந்தே கதவுக்கு அடியில் ஒரு கல்லைச் செருகி முட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெண் குனிந்த தலையோடு நடமாடுகிற வீட்டில் அதுதான் முறை. கோழிக்குக்கூட வேறு வழி பழகிவிட்டது. நான் சாப்பிடுகிற நேரம் மாறிப்போயிற்று. அந்தப் பக்கம் எப்போது பந்தி நடக்கிறது என்று தெரியாதபோது, பசித்தபோது சாப்பிட வேண்டியதுதான்.

மாலையில் ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான் மிஞ்சியது. அந்தக் கேள்விக்காகக் காட்டிலிருந்து நேரத்தோடு வந்துவிடுவேன். 'போட்டாச்சுங்களா' என்பதை அண்ணி ஒவ்வொரு நாள் ஒவ்வொரு விதமாகக் கேட்பாள். களைப்பாக, அவசரமாக, வாயில் வெற்றிலையோடு. நான் அதைக் கேட்டே அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிப்பேன். தப்பாகத்தான் கண்டுபிடித்திருப்பேன், யாரிடம் கேட்டுச் சரிபார்க்க?

ஆடியில் அவர்கள் எல்லாரும் சம்பந்தி வீட்டுக்கு எடப்புளி நாட்டுக்குப் போனார்கள். ஆடு மாட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணன்கூட முட்டியைக் கட்டிக்கொண்டு மெல்ல நடந்து போனார். பொழுது சாய்ந்தது. வழக்கம்போலப் போய்த் தாழ்ப்பாள் மேல் கையை வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் இல்லாத வீட்டுக்குத் தாழ் போடக் கை வரவில்லை. உள்ளே போகவும் கால் வரவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் எனக்கு என்ன வேலை? கதவடியிலிருந்த கல்லை மட்டும் உருவிவிட்டேன். கதவு என் பக்கம் திறந்துகொண்டது. அவர்கள் வருகிறவரை அப்படியே கிடந்தது. திறந்த கதவு வழியாக ஆறிப்போன அடுப்புச் சாம்பல் வாசனைதான் வந்தது.

திரும்பி வந்த அன்று அண்ணி முதலில் பார்த்தது கதவைத்தான். தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள். "ஏனுங்க கொழுந்தனாரே, நாங்க இல்லைன்னா ஊட்டத் தொறந்தே போட்டுருவீங்களா?"

"ஆளில்லாத ஊட்டுக்குத் தாழு எதுக்குங்க அண்ணி."

அவள் சுமையை இறக்கினாள். சும்மாட்டை உதறினாள். "அப்ப நாங்க இருக்கறதுக்குத்தான் தாழா?" என்றாள், பாதி கேலியாக. பிறகு அந்தச் சொல் அவளுக்கே ஏதோ செய்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்ந்தபோது நான் கதவோரம் போய் நின்றேன். அண்ணி கேட்கவில்லை. நடந்து வந்த களைப்பில் படுத்துவிட்டாளோ, வேறு எதனாலோ. அந்தப் பக்கமிருந்து கதவைச் சாத்திக் கல்லை முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வளையம் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. அந்தப் பெண் வாழ வந்ததிலிருந்து நான் கேட்டிராத அவள் குரல், கதவுக்கு வெகு பக்கத்தில், தயங்கித் தயங்கிக் கேட்டது.

"மாமா, போட்டாச்சுங்களா?"

"போடறேன் சாமி" என்றேன். "நீ சாப்பிட்டயா?"

தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

"இன்னும் இல்லீங்க. இனிமேத்தான் எல்லாரும்."

"சரி கண்ணு. போய்ச் சாப்பிடு" என்று சொல்லி, சத்தம் பெரிதாகக் கேட்காதபடி தாழ்ப்பாளை மெல்லத் தள்ளினேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.